சுகிர்தாவின் மதர்போர்டு

குருவுக்கு முப்பத்தைந்து வயது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது.

மேலப்பாளையத்தில் தன் வீட்டு முன்னறையில் மதர்போர்டுகளைச் சரிசெய்யும் ஹசீனாதான் குரு. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஆவுடையப்பன் சீடர். ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கைக்கு சால்டரிங் அயர்ன் அடங்குமா? ஆரம்பத்தில் போர்டை விட மேஜையைத்தான் அதிகம் சுட்டார்.

தொழிலுக்காக அவர் வரவில்லை. மகள் சுகிர்தாவின் லேப்டாப்புக்காக வந்தார். தாயில்லாமல் அவர் வளர்த்த ஒரே பிள்ளை, காய்ச்சலில் போய்விட்டாள். அவள் பேசியதும் பாடியதும் அந்த லேப்டாப்பில்தான் இருந்தன. வேறெங்கும் இல்லை.

பதினாறாம் நாள் படையலில் அவளுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தார்கள். ஆவுடையப்பன் லேப்டாப்பையும் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் ஒரு டம்ளர் டீ. டீ இல்லாமல் அவள் லேப்டாப்பைத் திறக்கவே மாட்டாள். விழுந்து கும்பிட்டு எழுந்தபோது வேட்டி பட்டு டம்ளர் லேப்டாப் மேல் சாய்ந்தது.

அவர் கொண்டுவந்த லேப்டாப்பைப் பிரித்து மதர்போர்டைப் பார்த்துவிட்டு ஹசீனா சொன்னது இவ்வளவுதான்: "நீங்களே கத்துக்கிட்டு நீங்களே சரி பண்ணுங்க, அண்ணாச்சி."

தினமும் வந்தார். கழித்துப்போட்ட போர்டுகளில் பழகினார். கடுகளவு பாகங்களை எடுத்து மாற்றினார். ஹசீனாவின் உம்மா கொடுக்கும் மத்தியானச் சாப்பாட்டையும் சாப்பிட்டார். வீட்டுக்குப் போனால் மட்டும் தூக்கம் வரவில்லை.

ஒருநாள் கேட்டார். "தாயி, இன்னைக்கு என் பிள்ளையோடத எடுக்கட்டுமா?"

ஹசீனா மறுபேச்சில்லாமல் மைக்ரோஸ்கோப்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. முன்பு அவருக்கு அது வெறும் பச்சைப் பலகை. இப்போது பார்த்தால் புரிகிறது. போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருந்த, மகளின் குரல் இருந்த சிப் நடுவில் வெடித்துக் கருகியிருந்தது. அதை மாற்றலாம். மாற்றிவைக்கும் சிப்பில் சுகிர்தா இருக்கமாட்டாள்.

"இனி இதுல ஒண்ணும் வராது, இல்லையா?"

"வராது."

"டீ பட்டதாலயா?"

"டீ மட்டும்னா கழுவிக் காயவச்சிருக்கலாம். ஈரத்தோட கரண்ட் பாஞ்சிருக்கு."

டீயைத் துண்டால் ஒற்றிவிட்டு, உயிர் இருக்கிறதா பார்ப்போம் என்று உடனே ஸ்விட்சை அழுத்தியவர் அவர்தான். வரவில்லையே என்று சார்ஜரைச் செருகித் திரும்பத் திரும்ப அழுத்தியவரும் அவர்தான்.

"நான் தொடாம இருந்திருந்தா?"

"பொழச்சிருக்கும்."

அழுகை வந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். வரவில்லை. காய்ச்சல் கொண்டுபோனது போக மிச்சமிருந்த மகளைத் தானே கொன்றுவிட்டதாகத்தான் அவருக்குப் பட்டது.

"மொத நாளே உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"பிறகு எதுக்கு இத்தனை மாசம் என்னைய இங்க இழுத்தடிச்ச? அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

ஹசீனா அயர்னை அணைத்து ஸ்டாண்டில் வைத்தாள்.

"சொல்லியிருந்தா வீட்டுக்குப் போயிருப்பீங்க, அண்ணாச்சி. அங்க யாரு இருக்கா?"