வாசலோடு திரும்பிய வைத்தியர்

ஒரு காட்டில், ஆற்றுக்கு இக்கரையில் ஓர் ஆமை வைத்தியம் பார்த்து வந்தது. நல்ல கைராசிக்கார ஆமை. அக்கரையில் ஒரு கரடி இருந்தது. அதற்கு இரைப்பு நோய். ஆனால் வீம்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

மாதம் இரண்டு முறையாவது கரடிக்கு மூச்சுத் திணறும். "ஐயோ, போச்சு! உயிர் போச்சு!" என்று அலறும். பக்கத்தில் மேயும் காட்டெருமை, பாவம், கரடியை முதுகில் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்து ஓடி வரும். ஆமை ஆடாதோடைச் சாறு கொடுக்கும். மூச்சு சீரானதும் கரடி எழுந்து நடையைக் கட்டிவிடும். "நீ எதில் படுக்கிறாய்?" என்று ஆமை கேட்டு முடிப்பதற்குள் ஆளையே காணோம்!

ஒருநாள் காட்டெருமை சொன்னது: "வைத்தியரே, அடுத்த மாதம் மழை. வெள்ளம் வந்தால் என்னால் ஆற்றைக் கடக்க முடியாது. அப்போது இந்தக் கரடிக்கு இரைப்பு வந்தால் பிழைக்கமாட்டானே!"

ஆமை உடனே ஆடாதோடைச் சாற்றுக் குடுவையை முதுகில் கட்டிக்கொண்டது.

"இரைப்பு வருவதற்குள் நானே அவனிடம் போய்விடுகிறேன். என் நடைக்கு இன்றே கிளம்பினால்தான் உண்டு" என்று புறப்பட்டது.

கரடி குகை வாசலில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தது. ஆமையைக் கண்டதும் பதறி எழுந்து வாசலை மறித்தது.

"நில்லுங்கள், நில்லுங்கள்! நான்தான் நன்றாக இருக்கிறேனே! நோய் இல்லாத வீட்டுக்கு வைத்தியர் வரலாமா? அதிலும் ஆமை! ஆமை புகுந்த வீடு உருப்படுமா?"

உயிரைக் காப்பாற்றியவருக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்தீர்களா, பிள்ளைகளே! ஆமைக்குச் சுருக்கென்றது. தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு சிரித்தபடி தலையை நீட்டியது.

"சரியப்பா. உன் படுக்கையை மட்டும் பார்க்க வேண்டும். உள்ளே வரட்டுமா?"

"வேண்டவே வேண்டாம்! நானே வெளியே கொண்டுவருகிறேன்!"

கரடி ஓடிப்போய் படுக்கையை வாரிக்கொண்டு வந்தது. எல்லாம் போன வருஷத்துச் சருகு! பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. கீழே போட்டதும் தூசி கிளம்பியது. கரடி லொக்கு லொக்கென்று இருமியது.

"பார்த்தாயா? உன் இரைப்பு இதில்தான் இருக்கிறது. இதைத் தூக்கி எறி. புதுச் சருகு பரப்பி, அடிக்கடி வெயிலில் காயவை. தினமும் காலையில் இந்தச் சாறு ஒரு மிடறு குடி. வாரா வாரம் வருவேன். எல்லாம் ஒழுங்காக இருந்தால் வாசலோடு போய்விடுவேன். இல்லையென்றால், நேரே உள்ளே வந்துவிடுவேன்!"

"ஐயையோ!" என்றது கரடி.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா! ஆமை வாரா வாரம் தவறாமல் நடந்தது. அது வந்துவிடுமே என்ற பயத்தில் கரடியும் தவறாமல் சருகை உதறிக் காயவைத்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே சாற்றையும் குடித்தது.

மழை வந்தது. பத்து நாள் ஆற்றில் வெள்ளம். ஆமை இக்கரையில் இருந்தபடி அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு ஓர் இலைகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

வெள்ளம் வடிந்த அன்று காட்டெருமை வந்தது. அதன் முதுகில் யாரும் இல்லை. ஆமை கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

"கரடி எங்கே? போய்விட்டானா?"

"பின்னால் வருகிறான், வைத்தியரே. தானே நடந்து வருகிறான்!"

கரடி கையில் தேனடையோடு வந்து நின்றது. அதற்கு மூச்சு வாங்கவே இல்லை. ஆமைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வைத்தியரே, இந்த மழையில் எனக்கு ஒருமுறைகூட இரைப்பு வரவில்லை. ஏன் தெரியுமா? உங்களை ஒருநாளும் வீட்டுக்குள் விடவில்லையே, அதனால்தான்!" என்றது கரடி பெருமையாக.

காட்டெருமை ஏதோ சொல்ல வாயெடுத்தது. ஆமை கண்ணைக் காட்டி அதை அடக்கியது.

"ஆமாமப்பா, இனிமேலும் என்னை உள்ளே விட்டுவிடாதே! அடுத்த வாரம் வருவேன்" என்று சொல்லிவிட்டு, ஆமை தேனை ருசித்துச் சாப்பிட்டது.

நீதி: நோய் வந்தபின் ஓடுவதைவிட, வருமுன் நடப்பதே மேல்.