ஆதரவு முடிந்த பதிப்பு

"டீச்சர், எப்ப மாத்தணும்?"

சங்கரலிங்கம் அண்ணாச்சிக்குக் கேட்க இருந்த கேள்வி அது ஒன்றுதான்.

பாளையங்கோட்டையில் ஒரு நூலகத்து மாடியில் ஞாயிறுதோறும் லினக்ஸ்காரர்கள் கூடுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று விட்டுவைத்த, 'திறந்த மூலம்' எனப்படும் கணினி இயங்குதளம் லினக்ஸ். அதனால் அதைப் பற்றிச் சண்டை போடவும் எல்லோருக்கும் உரிமை இருந்தது. சண்டையைத் தீர்த்து வைப்பவர் ஜெபசெல்வி டீச்சர். அண்ணாச்சியைவிட இருபது வயது இளையவர். கல்லூரிப் பையன்கள் அவருக்குக் கிண்டலாகக் 'குரு' என்று பெயர் வைத்தார்கள். போகப் போகக் கிண்டல் உதிர்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அண்ணாச்சி மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தரவு போட்டே பழகிய வாய். அந்த மாடியில் மட்டும்தான் அவர் கேள்வி கேட்டார்.

அண்ணாச்சி வைத்திருந்த லினக்ஸுக்குப் புதுப் பதிப்பு வந்த புதிதில் டீச்சர் சொன்னார்:

"பந்திக்கு முந்தலாம் அண்ணாச்சி, பதிப்புக்குப் பிந்தணும். நாலு பேரு விழுந்து எந்திக்கட்டும்."

அண்ணாச்சிக்கு அந்தப் பதில் தேனாக இனித்தது. சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மழைக்காலம் கழிந்தது.

"டீச்சர், எப்ப மாத்தணும்?"

"இப்ப மாத்தலாம். விழுந்தவங்க எல்லாரும் எந்திச்சாச்சு."

அண்ணாச்சியின் முகம் தொங்கிப் போனது.

"கம்ப்யூட்டர் பெட்டில இடம் பத்தாதே."

"பத்தும்."

"பாதியில கரண்டு போயிட்டுன்னா?"

"கரண்டப் பத்தி நீங்க என்கிட்ட கேக்கிய?"

மாடியே சிரித்தது. டீச்சர் புதுப் பதிப்பு ஏற்றிய பென்டிரைவை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டார்.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி அதை அப்படியே கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். டீச்சர் மறுபடி பையில் போட்டார். அதற்கடுத்த ஞாயிறும் அது திரும்பி வந்தது.

சாக்குச் சொல்கிறவனுக்குச் சாவி கொடுத்தால் பூட்டைக் குறை சொல்வான். ஆனால் அண்ணாச்சி அந்த ரகம் இல்லை. அவருக்குள் வேறு ஏதோ இருந்தது. டீச்சருக்கு அது தெரிந்தது, என்னவென்றுதான் தெரியவில்லை.

பிறகு ஒரு காலையில் அண்ணாச்சியின் திரையில் ஒரு சிறு பெட்டி வந்து நின்றது.

'இந்தப் பதிப்புக்கான ஆதரவு முடிந்துவிட்டது. இனித் திருத்தங்கள் வராது.'

'பிறகு' என்ற பொத்தானை அழுத்தினார். மறுநாளும் வந்தது. மறுநாளும் அழுத்தினார். பழைய பதிப்பு என்று வங்கியின் பக்கம் திறக்க மாட்டேன் என்றது. மருத்துவமனையில் நேரம் கேட்கும் பக்கமும் திறக்கவில்லை. அவர் பேருந்து பிடித்து நேரில் போய் வரிசையில் நின்றார்.

ஞாயிறன்று மாடிக்கு வந்தார்.

"டீச்சர், எப்ப மாத்தணும்?"

டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்ப மாத்தணும்ங்கிறத விடுங்க. மாத்துனா என்ன போயிரும் அண்ணாச்சி?"

அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. நெடுநாள் அடக்கிய கோபம்.

"ஆதரவு முடிஞ்சிட்டு, ஆதரவு முடிஞ்சிட்டுன்னு அது தினமும் சொல்லுது. முடிஞ்சா தூக்கித் தூரப் போட்டுரணுமா? நான் ஒருத்திய வச்சுப் பாக்கலியா?"

சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்தது அவருக்கே தெரிந்தது. சுற்றி இருந்தவர்கள் மெல்ல எழுந்து அடுத்த மேசைக்குப் போனார்கள்.

அவர் சொன்ன ஒருத்தி அவர் மனைவி ஆவுடை. பெண்கள் பள்ளியில் தமிழ் நடத்தியவள். ஓய்வு பெற்ற பிறகு, இந்த இயங்குதளத்தின் சொற்களைத் தமிழாக்கும் தன்னார்வலர் கூட்டத்தில் சேர்ந்து, வீட்டிலிருந்தபடியே பல வரிகளைத் தமிழாக்கிக் கொடுத்தாள். இப்போது அவளுக்கு மறதி நோய். மகன் பெயர் போயிற்று. தெரு போயிற்று. பேச்சும் போயிற்று.

"பேச்சு முழுசாப் போகல டீச்சர். ஒண்ணே ஒண்ணு மிச்சம்."

"என்னது?"

"சாயங்காலம் அவளப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பெட்டிய மூடுவேன். 'கணினியை அணைக்கட்டுமா?'ன்னு அது கேக்கும்லா? அவ எழுதுன வரி. அதப் படிச்சுட்டு, 'அணைங்க'ன்னு சொல்லுவா. நாள் முச்சூடும் அவ சொல்லுறது அந்த ஒரு சொல்லுதான். அதுக்காகத்தான் நான் விடிஞ்சதுலேர்ந்து காத்துக் கெடக்கேன்."

அண்ணாச்சி மேசைமேல் இருந்த டீச்சரின் கணினியைக் காட்டினார்.

"உங்க பெட்டில புதுசப் பாத்தேன். அந்த வரிய வேற யாரோ மாத்திட்டாவ."

"அந்த 'அணைக்கட்டுமா'வை அன்னைக்கு எல்லாரும் ஏத்துக்கிட்டாவளா?"

"எங்க! ஒரே சண்டை. 'அணை'ன்னா கட்டிப் பிடிக்கிறதுன்னும் அர்த்தம் இருக்கேன்னு சின்னப் பயலுவ சிரிச்சானுவ." அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்தது. "அதுக்கு இவ எழுதுனா, 'ரெண்டுல எதுன்னாலும் கேட்டுட்டுத்தான் செய்யணும்'ன்னு. அந்த வரியே நின்னுட்டு."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. ஏன் நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சாயங்காலம் வீட்டுக்கு வாறேன்" என்றார் டீச்சர்.

வந்தார். ஆவுடை சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். வந்தவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"காப்பி குடி" என்றார் அண்ணாச்சி. குடித்தாள். "வா, இங்கன உக்காரு" என்றார். எழுந்து வந்து கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

டீச்சர் கோப்புகளையெல்லாம் தனியே நகல் எடுத்து வைத்துவிட்டு, பென்டிரைவைச் செருகினார். திரையில் ஒரு நீலக்கோடு ஊர்ந்தது. அண்ணாச்சி கண்ணெடுக்காமல் அதையே பார்த்தார். ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்கிறவர் போல நின்றார்.

கோடு முழுதாயிற்று. கணினி புதுசாக எழுந்து வந்தது. எல்லாப் படங்களும் இருந்தன. வங்கிப் பக்கம் திறந்தது.

"அந்த ஒரு வரிய மட்டும் பழையபடி வச்சுத் தாங்க டீச்சர். திருத்தலாம்லா? அதுக்குத்தான இது திறந்த மூலம்?"

"திருத்தலாம். சின்ன வேலைதான்."

"பெறவென்ன?"

"அதுக்கு முன்னால ஒரு தடவ அணைச்சுப் பாருங்க."

அண்ணாச்சி தயங்கித் தயங்கி அழுத்தினார். பெட்டி வந்தது.

'கணினி நிறுத்தப்படும். உறுதிசெய்க.'

ஆவுடை படித்தாள். உதடு அசைந்தது. பிறகு அசைவு நின்றது. சேலைத் தலைப்பை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

அண்ணாச்சி டீச்சர் பக்கம் திரும்பினார்.

"பாத்தியளா? பாத்தியளா டீச்சர்? போயிட்டு. இருந்த ஒண்ணும் போயிட்டு. சீக்கிரம் அந்த வரியப் போடுங்க."

டீச்சர் விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த வரி இந்த வீட்டுப் பேச்சுதான அண்ணாச்சி? இங்க அத யாரு சொல்லுவாவ?"

"அவதான். 'சோறு போடட்டுமா, கதவச் சாத்தட்டுமா, லைட்ட அணைக்கட்டுமா'ன்னு எல்லாத்துக்கும் கேப்பா."

"நீங்க?"

"நான் எதுக்குக் கேக்கணும்?"

டீச்சரின் கை மடியிலேயே இருந்தது.

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். ஆவுடையைப் பார்த்தார். அவள் தலைப்பை மடித்து முடித்து, மறுபடி விரித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவளிடம் தான் கேட்டது ஏதாவது உண்டா என்று தேடினார். போடு, எடு, வா, போ, மூடு. அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் இடித்தது. நாக்கு அந்தச் சொல்லுக்குப் பழகியதில்லை. இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார்.

"ஆவுடை..."

அவள் கை நின்றது.

"அணைக்கட்டுமா?"

அவள் திரையைப் பார்க்கவில்லை. மெல்லக் குனிந்து, அவர் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"நீங்களா கேக்கிய?"