ஹோல்டான் சொன்ன மைனா

ஒரு காட்டில் பேருந்து ஓடியது. ஆமாம் பிள்ளைகளே, காட்டுக்குள்தான். நாளுக்கு ஒரு தடவை ஒரு பச்சைப் பேருந்து முக்கி முனகி மலையேறி வரும். நாவல் மரத்தடியில் நின்று நாலு பேரை இறக்கிவிடும், இரண்டு பேரை ஏற்றிக்கொள்ளும், பிறகு மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊருக்கு இறங்கிப் போய்விடும்.

அந்த நாவல் மரத்தில் சிங்காரம் என்றொரு கிளி இருந்தது. நடத்துநர் "ரைட்" என்றதும் அவ்வளவு பெரிய வண்டி உறுமிக்கொண்டு கிளம்புவதை அது ஒருநாள் பார்த்தது. ஒரே ஒருநாள்தான். மறுநாளே காடெங்கும் பறந்து தம்பட்டம் அடித்துவிட்டது.

"எனக்கு இங்கிலீஷ் தெரியும்."

"என்ன தெரியும்?" என்று கேட்டது முயல்.

"ரைட். அதைச் சொன்னால் மனிதர்கள் சொன்னபடி கேட்பார்கள். வண்டியே கேட்கிறதே, நான் என் கண்ணால் பார்த்தேன்."

அப்புறம் கேட்க வேண்டுமா? பழம் விழுந்தால் ரைட், தூறல் போட்டால் ரைட், தூங்கி எழுந்தால் ரைட். அணில்கள்கூட ஒன்றையொன்று பார்த்து ரைட் சொல்லிக்கொண்டன. முள்ளம்பன்றிக்கு அது வாயில் நுழையவில்லை என்று இரண்டு நாள் வருத்தம்.

அதே மரத்தில் பூவாயி என்ற மைனாவும் இருந்தது. அது எதையும் சொல்லவில்லை. பேருந்து வரும்போதெல்லாம் தாழ்ந்த கிளையில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"உனக்கு ஒரு சொல்கூட வரவில்லையே," என்றது கிளி.

"இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் அண்ணா."

"இதில் பார்க்க என்ன இருக்கிறது? வாயைத் திறந்தால் தானாக வந்துவிடப் போகிறது."

பூவாயி மறுபடி வண்டியின் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டது. அதன் பொறுமையை என்னவென்று சொல்வது! இரண்டு மாதம் பிள்ளைகளே, வெயிலிலும் மழையிலும் இரண்டு மாதம் அது அப்படியே உட்கார்ந்து கவனித்தது. வண்டி கிளம்பிய பிறகு யாராவது மூட்டையோடு ஓடி வந்தால், நடத்துநர் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி "ஹோல்டான்" என்பார். வண்டி நிற்கும். ஒருநாள் அவர் தட்டாமல் ஹோல்டான் மட்டும் சொன்னார், காற்றிரைச்சலில் அது ஓட்டுநர் காதில் விழவில்லை. வண்டி நிற்கவில்லை. ஆக, சொல்லும் வேண்டும், தட்டும் வேண்டும், அது ஓட்டுநர் காதிலும் விழ வேண்டும் என்று பூவாயி மனதில் குறித்துக்கொண்டது. நடத்துநர் அதை ஒருபோதும் கத்திச் சொல்வதில்லை, கொட்டாவி விடுகிற மாதிரி இழுத்துத்தான் சொல்கிறார் என்பதையும் அது கவனிக்காமல் விடவில்லை.

ஒருநாள் நல்ல மழை. பேருந்தின் ஜன்னல்களை எல்லாம் இறக்கி மூடியிருந்தார்கள். வண்டி மரத்தடியில் நின்றதும் வேர்க்கடலை வாசனை பிடித்து ஒரு குரங்குக் குட்டி படியேறிப் போய்க் கடைசி இருக்கைக்கு அடியில் நுழைந்துவிட்டது. யாரும் அதைப் பார்க்கவில்லை. நடத்துநர் கதவைச் சாத்தினார். வண்டி கிளம்பியது.

மழையும் வண்டியும் போட்ட இரைச்சலில், உள்ளேயிருந்து குட்டி வீறிடுகிற சத்தம் தாய் மந்திக்கு மட்டும் கேட்டது. பால்குடி மறக்காத குட்டி அது. கொண்டை ஊசி வளைவைத் தாண்டிவிட்டால் வண்டி ஊருக்குப் போய்த்தான் நிற்கும். அந்த ஊரில் குரங்குக் குட்டிக்கு யார் இருக்கிறார்கள்? நாய்கள்தான் இருக்கின்றன.

மந்தி கிளைக்குக் கிளை தாவி ஓடியபடியே கதறியது. "சிங்காரம் அண்ணே, உங்களுக்குத்தான் அவர்கள் பாஷை தெரியுமே. வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள், என் பிள்ளை உள்ளே இருக்கிறது."

கிளி விருட்டென்று பறந்து போய் வண்டிக்குப் பக்கத்திலேயே பறந்தபடி, தொண்டை கிழியச் சொன்னது. "ரைட்! ரைட்! ரைட்!"

ஓட்டுநருக்கு நன்றாகக் கேட்டது. அவர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் ஒரு மிதி மிதித்தார்.

மந்திக்கு உயிரே போய்விட்டது. கிளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் சரியாகத்தானே சொன்னேன்," என்று மழையில் நனைந்தபடி விழித்தது.

பூவாயி அதற்குள் மரத்தை விட்டுப் பறந்துவிட்டது. அதற்கும் பயம்தான். அந்தச் சொல்லை அதுவரை தனியாக இருக்கும்போது மட்டுமே முணுமுணுத்துப் பழகியிருந்தது, யார் காதிலும் விழச் சொன்னதில்லை. ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் மட்டும் பாதி திறந்திருந்தது. பூவாயி அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் விளிம்பைப் பற்றிக்கொண்டது. கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் கத்தவில்லை. அலகால் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, தூக்கக் கலக்கத்தில் சொல்வதுபோல நிதானமாக இழுத்துச் சொன்னது.

"ஹோல்டா...ன்."

வண்டி கிறீச்சென்று வளைவுக்கு முன்னால் நின்றது.

"என்னய்யா, வண்டிய ஏன் நிறுத்துன?" என்று நடத்துநர் பின்னாலிருந்து கேட்டார்.

"நீதானய்யா ஹோல்டான் சொன்ன."

"நான் எங்கய்யா சொன்னேன்? நான் டிக்கெட்டுல்ல கிழிச்சுக்கிட்டு இருக்கேன்."

"அப்ப யாரு, உங்க மாமனாரா வந்து சொன்னாரு? எறங்கிப் பாருய்யா, யாராச்சும் ஓடி வர்றாங்களான்னு."

நடத்துநர் முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்தார். அவர் காலுக்கு இடையில் புகுந்து குட்டி வெளியே பாய்ந்தது. மந்தி ஒரே தாவில் வந்து அதை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மரமேறிவிட்டது. நடத்துநர் சிறிது நேரம் மழையில் வாயைப் பிளந்து நின்றார். பிறகு ஏறி, கதவைச் சாத்தி, "ரைட்" என்றார்.

வண்டி போனதும் கிளி மெல்ல மைனாவிடம் வந்து உட்கார்ந்தது.

"பூவாயி, ஹோல்டான் என்றால் என்ன அர்த்தம்?"

"அதைச் சொன்னால் வண்டி நிற்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும், அண்ணா."

"ரைட் என்றால்?"

"வண்டி போகும்."

கிளிக்கு வெட்கமாக இருந்தது. "அதை நீ முன்பே என்னிடம் சொல்லியிருக்கலாமே," என்றது கடைசியில்.

"நீங்கள் கேட்கவே இல்லையே அண்ணா," என்றது பூவாயி.

மறுநாள் பேருந்து வந்தபோது தாழ்ந்த கிளையில் இரண்டு பறவைகள் உட்கார்ந்திருந்தன. இரண்டுமே வாய் திறக்கவில்லை.

நீதி: ஒரு சொல்லை எப்போது, எங்கே, எப்படிச் சொல்வது என்று கவனித்துக் கற்றவருக்கே அந்தச் சொல் உதவும்.