காணாமல் போனவனைக் காட்டிய மேஜிக் குடும்பம்

மந்தைக்குளம் மேஜிக் மாசிலாமணி குடும்பத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பட்டிருந்தால் இந்நேரம் சிரித்திருப்பீர்களே!

குடும்பமே மேடையேறும். மாசிலாமணி மந்திரக்கோலைச் சுழற்றுவார். மனைவி செங்கமலம் துணியை விரிப்பாள். அவள் தம்பி சடையப்பன் பெட்டிக்குள் போய்க் காணாமல் போவான். அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

அந்த வருஷம் எந்த ஊரிலும் அவர்களைக் கூப்பிடவில்லை. மிச்சம் இருந்தது அத்திக்கரைத் திருவிழா ஒன்றுதான். அதுவும் போனால் பெட்டியை உடைத்து அடுப்பெரிக்க வேண்டியதுதான். கமிட்டித் தலைவர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"விளம்பர வீடியோ ஒண்ணு அனுப்புங்க. இருட்டா, மங்கலா அனுப்பக் கூடாது. எல்லாம் தெளிவாத் தெரியணும். பார்த்துட்டுத்தான் கூப்பிடுவோம்."

டவுனிலிருந்து வீடியோக்காரர் பிலிப்பு வந்தார். "கேமரா இருக்கிறதையே மறந்துடுங்க" என்றார்.

சடையப்பன் உடனே மறந்துவிட்டான். நேராக நடந்துவந்து கேமரா ஸ்டாண்டோடு மோதி விழுந்தான்.

"கண்ணு தெரியலையா தம்பி?"

"தெரிஞ்சுது சார். நீங்க சொன்னதால மறந்துட்டேன்."

பிலிப்பு பெருமூச்சு விட்டார். "சரி, நான் 'கட்' சொல்ற வரைக்கும் யாரும் நிறுத்தாதீங்க."

மாசிலாமணி வாயிலிருந்து கலர் ரிப்பனை உருவ ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துப் பிலிப்புக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். ரிப்பன் தீர்ந்தது. நிறுத்தக் கூடாதே! சடையப்பன் பின்னால் நின்று, கொடியில் காய்ந்த புடவை, பக்கத்து வீட்டு லுங்கி, கடைசியில் மேடைத் திரை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். பிலிப்பு திரும்பி வந்தபோது மாசிலாமணி வாயில் பாதித் திரை இருந்தது.

அடுத்து பெட்டி வித்தை. மாசிலாமணி கோலைக் கீழே வைத்துவிட்டு யோசனையில் ஆழ்ந்தார்.

"மாப்ளே, தலைவர் என்ன சொன்னாரு?"

"எல்லாம் தெளிவாத் தெரியணும்னாரு மாமா."

"நீ பெட்டிக்குள்ள போயிட்டா தெரிவியா?"

"எனக்கு நான் தெரிவேன். அவருக்குத் தெரிய மாட்டேன்."

"அவருக்காகத்தானே வீடியோ எடுக்கிறோம்?"

செங்கமலம் கண்கலங்கினாள். "எல்லாத்தையும் காட்டிட்டு என் தம்பியை மட்டும் மறைச்சா அடுக்குமா?"

மூவரும் கூடிப் பெட்டியின் முதுகு கேமராவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்கள். பின்பலகையையும் கழற்றினார்கள். பிலிப்பு அதையும் அப்படியே எடுத்தார். எடுப்பதுதான் அவர் வேலை.

வீடியோவில் மாசிலாமணி, "காணோம்! ஆளையே காணோம்!" என்று கத்துகிறார். செங்கமலம் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். நடுவில் சடையப்பன் குத்தவைத்து உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கிறான். கேமராவைத்தான் மறந்துவிட்டானே, தோலை அதன்மேலேயே வீசுகிறான்.

மறுநாள் வீடியோவைப் பார்த்துவிட்டுத் தலைவர் போனில் கூப்பிட்டார்.

"அசத்திட்டீங்க மாசிலாமணி! ஆளைக் காணாமப் பண்றவன் ஊருக்கு ஒருத்தன் இருக்கான். காணாமப் போனவனைக் கண்ணுக்கு நேரா காட்டுறது நீங்க ஒருத்தர்தான். எப்படிய்யா?"

"அது தொழில் ரகசியம்ங்க."

"சரிதான். திருவிழா உங்களுக்குத்தான். ஒரு சின்ன உதவி. எங்க கோயில் கிடா கொஞ்ச நாளாக் காணோம். அதையும் மேடையில காட்டிடுங்க."

மாசிலாமணி போனைப் பொத்திக்கொண்டார். "மாப்ளே, நீ உள்ள இருந்தப்ப பக்கத்துல கிடா எதுவும் இருந்துச்சா?"

சடையப்பன் வெகுநேரம் யோசித்தான். "கடலை உரிக்கிற மும்முரத்துல கவனிக்கலையே மாமா."

அதற்குள் செங்கமலம் ஒரு கட்டு அகத்தித் தழையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

"பாவம், எத்தனை நாளாப் பட்டினியோ!"