வளையலை உடைத்தது யார்?

கையில் கிடந்த கண்ணாடி வளையல் உடைந்தால், உடைத்தது யார் என்று சொல்வீர்கள்? போட்டிருந்தவள்தான் என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் கூட்டாமல் குறைக்காமல் நடந்தபடியே சொல்கிறேன்.

தென்காசிப் பக்கம் ஒரு நர்சிங் பள்ளி. அதில் கடைசி வருடம் படித்தவள் பேச்சித்தாய். படிக்கும்போதே கல்யாணமாகி, வயிற்றில் ஏழாம் மாதம். வாந்தியை அடக்கிக்கொண்டு பஸ்ஸில் போனாள். வீங்கிய காலோடு நின்றே வார்டு வேலை பார்த்தாள். வகுப்பை மட்டும் விடவில்லை. பிரசவ வார்டுச் செய்முறைத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. ஒரு பிரசவத்தைத் தன் கையால் பார்த்துக் காட்டிவிட்டால் அவள் நர்ஸ்.

தேர்வு திங்கட்கிழமை என்று தெரிந்த அன்றைக்கே கணவன் சுடலைமணியிடம் சொன்னாள். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ படி" என்றான் அவன்.

அந்த வாரம் வளைகாப்புக்கு நாள் பார்க்க வேண்டியிருந்தது. மாமியார் ஆவுடையம்மாளுக்கு முழங்கால் வலி என்பதால் சுடலைமணிதான் ஜோசியரிடம் போனான். அவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னார். திருப்பூரில் வேலை பார்க்கும் அவன் கூட்டாளிகள் ஊருக்கு வருவது முதல் ஞாயிறு என்பதால் வீட்டில் வந்து அந்த ஒரு நாளை மட்டும் சொன்னான்.

"மறுநாள் எனக்குப் பரீட்சைங்க. வளையலோட வார்டுக்குள்ள விடமாட்டாங்க" என்றாள் பேச்சித்தாய்.

"வளைகாப்பு ஞாயித்துக்கிழமை, பரீட்சை திங்கக்கிழமை. ரெண்டும் எங்க முட்டுது? அதான் அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்னு சொன்னேன்ல."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இரண்டு கையிலும் வளையலை அடுக்கி முடித்ததும் ஆவுடையம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ரெண்டாவது பிள்ளை வயித்துல இருந்தப்ப வளையல் உடைஞ்சு, பிள்ளை தங்காமப் போச்சு. நீ பெத்து எந்திரிக்கிற வரைக்கும் இதைக் கழட்ட மாட்டேன்னு என் கையில அடிச்சுச் சொல்லு தாயி." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

பேச்சித்தாய் கணவனைத் தேடினாள். அவன் பந்தியில் கூட்டாளிகளுக்குப் புளியோதரை வைத்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை. சுற்றி நின்ற அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். கையில் அடித்துச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை பிரசவ வார்டு வாசலில் பாடம் நடத்தும் ஜெயசீலி மேடம் மறித்தார். "படிக்க வந்தியா, சீர் வாங்க வந்தியா? முழங்கைக்குக் கீழ ஒரு நூல்கூட இருக்கக் கூடாது. வளையல் இடுக்குல இருக்குற அழுக்கு யாரோட பிள்ளைக்குப் போகும்? உனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்துதான் நின்றாள். "நேத்துதான் வளைகாப்பு மேடம்."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போன வாரக் குழுவுல உன்னை அனுப்பியிருப்பேனே. இப்ப பரீட்சை வைக்கிறவங்க வந்து உக்காந்தாச்சு. கழட்டிட்டு உள்ள வா, இல்லன்னா வீட்டுக்குப் போ."

உள்ளே ஒரு பெண் வலியில் கத்திக்கொண்டிருந்தாள். பேச்சித்தாய் கை கழுவும் தொட்டிக்குப் போனாள். கூடப் படித்த ரோஸ்லின் சோப்புடன் ஓடி வந்தாள். "அழாத பிள்ள. பிள்ளை பிறந்ததும் பிரசவம் பாக்குறவளுக்குத்தான இந்த வளையல் போய்ச் சேரும்? இன்னைக்குப் பாக்கப் போறது நீதான. நீயே எடுத்துக்கோ!" பேச்சித்தாய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது. வழுக்கி வழுக்கி வளையல்கள் வந்தன. கர்ப்பத்தில் கை வீங்கியிருந்ததால் கடைசி வளையல் மட்டும் பெருவிரல் முட்டியில் சிக்கியது. அழுத்தினார்கள். உடைந்தது. உள்ளங்கையோரம் நீளமாகக் கிழித்துவிட்டது.

மேடம் கையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "இந்தக் காயத்தோட உன்னை உள்ள விட முடியாது. உனக்கும் நல்லதில்ல, அந்தப் பொண்ணுக்கும் நல்லதில்ல." உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டது. வேறு யாரோ கையில் ஏந்தியிருந்தார்கள். இனி அடுத்த தேர்வுக்குப் பேச்சித்தாய் கைப்பிள்ளையோடுதான் வர வேண்டும்.

வீட்டில் ஆவுடையம்மாள் வெறுங்கையைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள். "கையில அடிச்சுச் சொல்லிட்டு ஒரு நாள் தாங்கலையேட்டி!"

"பரீட்சைக்குக் கழட்டச் சொன்னாங்க அத்தை."

"பரீட்சையா? எவன் சொன்னான் எங்கிட்ட?"

சுடலைமணி இடையில் வந்தான். "ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க. இவளுக்குப் பதமாக் கழட்டத் தெரியல, அவ்வளவுதான்."

இப்போது சொல்லுங்கள். கழற்றாதே என்ற மாமியாரா, கழற்று என்ற மேடமா, சொல்லை மீறிக் கழற்றிய பேச்சித்தாயா? வளையலை உடைத்தது யார்?

விடை: எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேர் மாமியாரைத் திட்டினார்கள், பாதிப்பேர் மேடத்தைத் திட்டினார்கள். நான் கேட்ட மூன்று பேரில் விடையே இல்லை. மாமியாருக்குப் பரீட்சை தெரியாது. மேடத்துக்கு வளைகாப்பு தெரியாது. இரண்டும் தெரிந்தவன் ஒருவன்தான். அடுத்த ஞாயிறும் நல்ல நாள் என்று தெரிந்தவனும் அவன்தான். "நான் சொல்லிக்கிறேன்" என்று பெண்டாட்டியின் வாயை அடைத்துவிட்டு, தன் வாயையும் திறக்காமல் புளியோதரை பரிமாறினானே, அவன்தான் உடைத்தான். வளையலைத் தொடாமலே உடைத்தான். இதைப் பேச்சித்தாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கட்டுப் போட்ட கையால் மிச்ச வளையல்களை முந்தானையிலிருந்து எடுத்து அவன் கையில் வைத்தாள். "அத்தை அழுதுக்கிட்டு இருக்காங்க. இதைக் கொண்டுபோய்க் குடுத்து, நடந்ததை உங்க வாயால சொல்லுங்க. நீங்கதான் சொல்லிக்கிறேன்னீங்க."