ரெண்டு புள்ளி மாம்பழம்

சிவகாசி ஸ்டிக்கர் கடையில் இளம்பரிதி என்றொரு டிசைனர். மௌஸைப் பிடித்தால் செங்கோலைப் பிடித்த மிதப்பு. ஊறுகாய் கம்பெனிக்காகப் கம்ப்யூட்டரில் பென் டூலால் நூற்றெண்பது புள்ளி குத்திக் கோடிழுத்து ஒரு மாம்பழம் வரைந்தார். வெட்டி எடுத்தால் ஓரமெல்லாம் ரம்பப் பல்.

"வெட்டுற மெஷின்ல கோளாறு. ஓட்டுறவளுக்கும் தெரியல. முதல்ல இவளை வேலையை விட்டு நிறுத்துங்க முதலாளி!" என்றார்.

மெஷின் ஓட்டும் முத்துப்பேச்சி, "நானும் ஒண்ணு வரையட்டா?" என்றாள். மாம்பழத்தின் மூக்கு வரும் இடத்தில் ஒரு புள்ளி. அடியில் ஒரு புள்ளி வைத்து இழுத்தாள். கோடு தானே வளைந்தது. மறுபடி மூக்கைத் தொட்டு மூடினாள்.

"ரெண்டே புள்ளியில மாம்பழமா?" இளம்பரிதி சிரித்தார்.

"ரெண்டையும் வெட்டுறேன் சார். கண்ணை மூடிக்கிட்டு, எது யாருதுன்னு சத்தத்தை வச்சுச் சொல்லுங்க."

என்னதான் ஆகும் பார்ப்போமென்று முதலாளியும் கண்ணை மூடினார்.

முதல் பழத்துக்குப் பிளேடு புள்ளிக்குப் புள்ளி நின்று, கல்லில் ஏறிய வண்டியாய்க் கடகடத்தது.

"இது இவளோடது!" என்றார் இளம்பரிதி. " மெஷினைச் சொல்லிக் குத்தமில்ல, வரைஞ்ச கை சரியில்ல."

அடுத்தது சர்ரென்று ஒரே வீச்சு.

"இதுதான் என் கை!"

கண்ணைத் திறந்தார்கள்.

"முதல்ல வெட்டுனது சாரோடது முதலாளி," என்றாள் முத்துப்பேச்சி. "மெஷின்ல குத்தமில்லன்னு அவரே சொல்லிட்டாரு."