உறைவு முந்தியதா, துடிப்பு முந்தியதா?

இசக்கியம்மாள் பெண்கள் கபடி அணியின் பயிற்சியாளர்; வயது நாற்பத்தாறு. ஒரு வைகாசியில் அவருடைய இடது கால் திடீரென்று வீங்கிப்போனது. நாளத்துக்குள் இரத்தம் உறைந்து அடைத்திருந்தது. மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள் இன்னொன்றும் தெரிந்தது: இதயம் தாளம் தவறித் துடித்தது.

இரத்தநாள மருத்துவர் தேவசகாயம், "உறைவுதான் முதல். அதுதான் இதயத்தைக் குழப்பியிருக்கு" என்றார்.

இதய மருத்துவர் மைதிலி ஒப்பவில்லை. "துடிப்புதான் சார் முதல்ல கெட்டது. வெளிய தெரியாம பல மாசம் இருந்திருக்கும். அதனாலதான் இரத்தம் உறைஞ்சுது."

"எது முதல்ல வந்தா என்ன டாக்டர்? என்னைய எந்திரிக்க வைங்க" என்றார் இசக்கியம்மாள்.

மருந்து கொடுத்துப் பத்தாம் நாள் நடக்க வைத்தார்கள். மருத்துவர்கள் இருவரின் வாக்குவாதம் மட்டும் தீரவில்லை. அது வெறும் வீம்பு அல்ல. எந்த நோயாளியிடம் எதை முன்கூட்டித் தேடுவது என்பது அதில்தான் இருந்தது. காலில் உறைவு என்று வந்து, இதயத் துடிப்பைச் சோதிக்காமல் விட்ட ஒருவரைப் போன மாதம்தான் பக்கவாதம் படுக்கையில் தள்ளியிருந்தது.

இருவரும் மரபணு ஆய்வாளர் ரஹ்மத் நிஷாவிடம் போனார்கள். தேவசகாயம் நீட்டிய நோயாளிகளின் கோப்புகளை அவர் திறக்கவே இல்லை.

"இதெல்லாம் நோயைக் கண்டுபிடிச்ச தேதி சார், நோய் வந்த தேதி இல்ல. எனக்கு இரத்தம் வேணும்."

ஆறாயிரம் பேரின் இரத்தம் வந்தது. இரண்டு ஆண்டுகள் உழைத்தார். இரத்தம் எளிதில் உறையும் மரபணுக்களோடு பிறந்தவர்களை ஒரு கூட்டமாகவும், இதயத் தாளம் தவறும் மரபணுக்களோடு பிறந்தவர்களை இன்னொரு கூட்டமாகவும் பிரித்தார். உறைவு, தாளக்கேடு இரண்டையும் நேரடியாகத் தூண்டும் மரபணுக்கள் எது எதைக் கொண்டுவந்தது என்பதைக் குழப்பிவிடும் என்று அவற்றை ஆய்விலிருந்தே ஒதுக்கினார்.

முதல் கூட்டத்தில், மற்றவர்களைவிடத் தாளம் தவறிய இதயங்கள் அதிகம்.

"ஜெயிச்சிட்டேன்!" என்று மேசையைத் தட்டினார் தேவசகாயம்.

நிஷா அடுத்த தாளை மைதிலியிடம் கொடுத்தார். இரண்டாம் கூட்டத்தில், மற்றவர்களைவிடக் கால் உறைவுகள் அதிகம்.

"அப்போ இது என்ன சார்?" என்றார் மைதிலி.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இருவரில் யார் சொன்னது சரி? தேதிகள் காட்டாததை மரபணு எப்படிக் காட்டியது?

விடை: இருவர் சொன்னதும் சரி, அடுத்தவர் சொன்னதை மறுத்தது மட்டுமே பிழை. நோய் பல மாதம் ஒளிந்திருக்கும், ஆகவே தேதி ஏமாற்றும். மரபணுவோ கருவிலேயே வந்துவிடுகிறது. பின்னால் வரும் எந்த நோயும் அதைத் திருத்தி எழுத முடியாது. உறைவு மரபணுவோடு பிறந்தவர்களிடம் தாளக்கேடு கூடியிருந்தால், அதைக் கொண்டுவந்தது உறைவுதான்; மறுபக்கமும் அப்படியே. ஆகவே அந்த ஆறாயிரம் பேரிடம் உறைவு தாளத்தைக் கெடுத்திருக்கிறது, தாளக்கேடு உறைவை வளர்த்திருக்கிறது. அன்றுமுதல் அந்த மருத்துவமனையில் ஒன்று வந்தவரிடம் மற்றதையும் தேடினார்கள். முதல் மாதத்திலேயே, தாங்களே அறியாத தாளக்கேடு ஒன்பது பேரிடம் பிடிபட்டது. பக்கவாதம் வருமுன்பே மருந்து கிடைத்ததால் ஒன்பது பேரும் தங்கள் காலால் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.